மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் பழகிய மெசின்கள்

மட்டக்களப்புப் பக்கம் சித்தாண்டியில் கனபேருக்கு வீடு ஒரு கரையில், வயல் மறுகரையில். பிரதான வீதியை ஒட்டி முருகன் கோயில், கடைகள், பள்ளிக்கூடம், குடிமனைகள். தோணியில் ஆற்றைக் கடந்தால் பெருமாவெளி, ஈரளக்குளம், அதற்கும் அங்கால் படுவான்கரையின் வயல்வட்டைகள். 1990க்குப் பிறகு அந்த ஆறு இரண்டு ஆட்சிகளுக்கு நடுவே ஓடியது. வீதிப் பக்கம் இராணுவம், ஆற்றுக்கு அங்கால் புலிகள் இயக்கம். பசளை, பற்றரி, சீமெந்து என்று மறுகரைக்குப் போகிற ஒவ்வொன்றுக்கும் சோதனைச் சாவடியில் கணக்கு இருந்தது. பெற்றோலை மட்டும் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். போத்தலோடு பிடிபட்டால் ஆளையே விட மாட்டார்கள். மண்ணெண்ணெய் விளக்கெரிக்கத் தேவை என்பதால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று எழுதிக்கொண்டு கொஞ்சம் விடுவார்கள்.

மேட்டுநிலத்தில் கச்சானும் மிளகாயும் கத்தரியும் போட்டவர்களிடம் இருந்ததோ பெற்றோல் மெசின். ஹொண்டா, றொபின் என்று எண்பதுகளில் வாங்கிய சின்னச் சின்ன வாட்டர் பம்கள். சித்திரை வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் போகாவிட்டால் மிளகாய்க் கன்று தலை தொங்கிவிடும். விளக்குக்கு வந்த எண்ணெயை அந்த மெசினுக்குக் குடிக்கப் பழக்குவதுதான் என் மாமாவின் தொழிலாக ஆனது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வேம்புக்குக் கீழே தகரம் போட்ட ஒரு பத்தி, அதற்குள் ஒரு பலகை மேசை, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட ஸ்பானர்கள். அதுதான் கராஜ். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அங்கேதான் கிடப்பேன். இன்று அந்தத் தொழிலை நான் பார்க்கிறேன். அந்தப் பத்தியில் பார்த்தும் கேட்டும் படித்தவற்றில் பாதியை எந்தப் புத்தகத்திலும் பிறகு நான் காணவில்லை.

பெற்றோல் வெயில் பட்டாலே ஆவியாகிப் பறக்கும். காபரேற்றருக்குள் காற்று இழுபடும்போது அது துளியாகி, ஆவியாகி, காற்றோடு கலந்து சிலிண்டருக்குள் போய்விடும். மண்ணெண்ணெய் அப்படி அசையாது. 150 பாகைக்கு மேலே சூடேறினால்தான் அது கொதிக்கவே தொடங்கும். குளிர்ந்த எஞ்சினுக்குள் அதை விட்டால் பிளக் நனைந்து கறுக்குமே தவிர, எத்தனை தரம் கயிற்றை இழுத்தாலும் மெசின் பிடிக்காது. ஆகவே முதலில் பெற்றோலில் எழுப்ப வேண்டும். உடம்பு சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் யுத்தத்துக்கு வெகு முந்தியே மண்ணெண்ணெய் மெசினால் இறைத்தவர்கள். அவற்றின் தாங்கிக்குள்ளேயே பெற்றோலுக்குச் சின்ன அறை, மண்ணெண்ணெய்க்குப் பெரிய அறை, நடுவில் இரண்டு பக்கமும் திருப்பக்கூடிய ஒரு குழாய்ப்பூட்டு எல்லாம் கம்பனியே போட்டுக் கொடுத்திருக்கும். எங்கள் பக்கத்து மெசின்களுக்கு ஒற்றைத் தாங்கிதான்.

மாமா அந்தச் சின்ன அறைக்குப் பதிலாக ஆஸ்பத்திரிச் சேலைன் குழாயைப் பிடித்தார். தலைகீழாகத் தொங்கும் மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல், அதிலிருந்து சேலைன் குழாய், குழாயில் துளியைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள அந்தச் சிறிய உருளை. உருளையைப் பெருவிரலால் தள்ளினால் காபரேற்றரின் வாயில் சொட்டுச் சொட்டாக விழும். மெசின் பிடித்ததும் உருளையை மெதுவாக இறுக்கிக்கொண்டே மற்றக் கையால் மண்ணெண்ணெய்ப் பூட்டைத் திறப்பார். எப்போது எதை எவ்வளவு திருப்புவது என்பதைக் காது சொல்லும். மண்ணெண்ணெய் சூடாகிப் போவதற்காக, வரும் குழாயைச் செப்பில் போட்டு அதை சைலன்சரைச் சுற்றி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியிருந்தார்.

இன்னொரு இடைஞ்சல் இருந்தது. மண்ணெண்ணெய் அழுத்தம் தாங்காது. பிளக்கின் நெருப்பு வந்து சேர்வதற்கு முன்னமே சிலிண்டருக்குள் தானாகப் பற்றிக்கொண்டு டொக் டொக் என்று பிஸ்டனின் தலையில் அடிக்கும். அந்தச் சத்தத்தோடு தொடர்ந்து ஓடினால் பிஸ்டன் ஓட்டையாகும். அதற்கு மாமா ஹெட்டைக் கழற்றி இரண்டாவது கெஸ்கட் ஒன்று செப்புத் தகட்டில் வெட்டி வைப்பார். மேலே இடம் கூடினால் அழுத்தம் குறையும். மெசினின் பலமும் கொஞ்சம் குறையும், ஆனால் அடிக்காது. யாழ்ப்பாணத்திலும் இதே காலத்தில் மோட்டார் சைக்கிளும், ஒஸ்ரின் ஏ40 கார்களும் மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தன என்று அங்கிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெற்றோல் மறிக்கப்பட்ட இடமெல்லாம் கைகள் இந்த வழியைத் தாமாகவே கண்டுபிடித்துக்கொண்டன.

மாமா என்னிடம் ஓயாமல் சொன்னது ஒன்றுதான். “மனே, மெசினை ஓட வைக்கிறது பெரிய வேலை இல்ல. எதைக் குடுத்தாலும் ஓடும். நிப்பாட்டத் தெரியணும்.” அந்த நாட்களில் அதன் பொருள் இதுதான்: ஓடிக்கொண்டிருக்கும் மண்ணெண்ணெய் மெசினைச் சும்மா அணைத்துவிட்டால் காபரேற்றர் கிண்ணம் நிறைய மண்ணெண்ணெய் தங்கிவிடும். மறுநாள் விடிய அது எழும்பாது. நிறுத்த முன் மண்ணெண்ணெய்ப் பூட்டை மூடி, சேலைன் உருளையைத் திறந்து, கொஞ்ச நேரம் பெற்றோலில் ஓடவிட்டு, கிண்ணம் கழுவுப்பட்ட பிறகே அணைக்க வேண்டும். பெற்றோல் தட்டுப்பாடான நேரத்தில் கடைசித் துளியை ஓட்டத்துக்குச் செலவழிக்காமல் நிறுத்தத்துக்கென்று மிச்சம் பிடித்து வைக்கிற மனம் வேண்டும். கனபேருக்கு அது வரவில்லை. விடியற்காலையில் கராஜுக்கு முன்னால் மெசினைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் எல்லோரும் முதல்நாள் பின்னேரம் அவசரப்பட்டு அணைத்தவர்கள்தான்.

எண்ணெய்க் கம்பியையும் அவர் சொல்லித்தான் பார்க்கக் கற்றேன். எரியாமல் தப்பிய மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையத்தைத் தாண்டி வழிந்து கீழே உள்ள எஞ்சின் எண்ணெயோடு கலந்துவிடும். கம்பியை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் குறையாமல், கோட்டுக்கு மேலே ஏறி நிற்கும். மாமா அதில் ஒரு துளியைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார், மூக்குக்குக் கொண்டுபோவார். வழுவழுப்பு இல்லாமல் விரல் விரலில் பிடித்தால் உடனே ஊற்றிப் புதிது விட வேண்டும். “குறைஞ்சா மேல விடலாம். கூடினாத்தான் பயம்” என்பார். எண்ணெய் கூடியிருக்கிறது என்று மகிழ்ந்து ஓட்டிய ஒருவருடைய மெசினின் கிராங் தண்டு நீலம் பாய்ந்து வந்ததை மேசையில் வைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்.

கரண்ட் இல்லாத அந்த ஆண்டுகளில் ஊரில் ஒரு ஜெனரேற்றரும் இதே முறையில் ஓடியது. கலியாண வீட்டுக்கும் கோயில் ஒலிபெருக்கிக்கும் போகும். சில இரவுகளில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து யாராவது வளவுக்குள் படம் காட்டுவார்கள். சத்தம் கேட்காதிருக்க ஜெனரேற்றரை வேலிக்கு அங்கால் தூரத்தில் வைத்து நீள வயர் இழுப்பது வழக்கம். அதற்குப் பக்கத்தில் காவல் நான்தான். மண்ணெண்ணெய் போதுமான அளவு சூடாகாவிட்டால் எஞ்சின் திணறும். உடனே வளவுக்குள் டிவியில் படம் நான்கு பக்கமும் சுருங்கி நடுவுக்கு வரும். சனம் கூச்சல் போடும். நான் பூட்டைத் தொட்டுச் சரிசெய்வேன். விடியப்புறம் மூன்றாவது படம் முடிகிற நேரமே பெற்றோலுக்கு மாற்ற வேண்டிய நேரமாகவும் இருக்கும். அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றின் கடைசிக் காட்சியை எனக்குச் சத்தமாக மட்டுமே தெரியும்.

2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்தம் வந்தது. பெற்றோல் ஆற்றைக் கடந்தது. இரட்டைக் கெஸ்கட்டைக் கழற்றி ஒற்றை போடச் சொல்லி ஒவ்வொருவராக வந்தார்கள். மறுகாவும் சண்டை, மறுகாவும் இடப்பெயர்வு. அதன் பின் அமைதி. மெசின்கள் சீனாவிலிருந்து மலிவாக வந்தன. மண்ணெண்ணெய் ஓட்டத்தைக் கேட்டறிய ஆளில்லாமல் போனது.

பிறகு 2022. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. கிணற்று மோட்டர்களெல்லாம் நின்றன. பரணில் போட்ட பெற்றோல் பம்களை இறக்கினால் பெற்றோல் இல்லை. ஜூன் 26ஆம் தேதி 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானது. அதற்கடுத்த நாட்களில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் என்று விற்பனையையே மறித்தார்கள். ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றார்கள். அட்டை வண்டி இலக்கத்துக்குத்தான். வாட்டர் பம்முக்கு ஏது இலக்கத் தகடு? கமநல சேவை நிலையத்தில் கடிதம் எடுத்து, கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்கி, கலனோடு வரிசையில் நின்றவர்களுக்குக் கிடைத்தது பயிருக்குப் போதவில்லை. மண்ணெண்ணெய்க்குத் திரும்பலாம் என்றால் ஆகஸ்டில் அது 87 ரூபாவிலிருந்து ஒரே தாவாக 340 ரூபாவுக்குப் போனது. கடலுக்குப் போகிற சின்னப் படகுகளின் எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. அந்த விலையில் பல படகுகள் கரையில் கிடந்தன. என் வாழ்நாளில் முதல் தடவையாக மாமாவின் வித்தை விலை கட்டாத வித்தையாகிவிட்டது.

அந்த நேரம் கட்டுப்பாடில்லாமல் கிடைக்கத் தொடங்கிய ஒரே எரிபொருள் சமையல் காஸ். வருடத் தொடக்கத்தில் அதற்கும் இரவிரவாக வரிசை நின்றோம். ஆகஸ்டில் லொறிகள் ஊருக்குள் வரத் தொடங்கின. 12.5 கிலோ சிலிண்டர் 4,664 ரூபா. நான் ஒரு சீமெந்துப் பை மட்டையில் கணக்குப் போட்டேன். ஒரு கிலோ காஸில் ஏறத்தாழ 46 மெகாஜூல் வெப்பம். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 32. அப்படியானால் ஒரு சிலிண்டர் ஏறக்குறைய 18 லீற்றர் பெற்றோலுக்குச் சமன். சற்று இறங்கியிருந்த அன்றைய விலையில் 18 லீற்றர் பெற்றோல் 8,100 ரூபா. பாதியிலும் சற்றே கூடுதலான காசில், வரிசையும் கடிதமும் இல்லாமல், அதே வேலை.

மாமாவுக்கு அப்போது எழுபத்தைந்து கடந்துவிட்டது. பத்தியில் ஒரு சாய்மனைக் கதிரை போட்டு இருத்தியிருந்தோம். கணக்கைக் காட்டினேன். அவர் மட்டையைப் பார்க்கவே இல்லை.

“மண்ணெண்ண சிந்தினா நிலத்தில கிடக்கும், கண்ணால பார்க்கலாம். காஸ் எங்க போய்ப் படுத்திருக்கெண்டு ஆருக்குத் தெரியும்?”

அவர் பயம் காரணமில்லாததல்ல. 2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்க வீடுகளில் காஸ் அடுப்பும் ரியூப்பும் வெடித்த செய்தி நாள்தோறும் வந்தது. சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூற்றேன் இரண்டினதும் விகிதத்தை மாற்றியதே முக்கிய காரணம் என்று ஜனாதிபதி அமைத்த விசாரணைக் குழு சொன்னது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். ஒரு விகிதத்துக்குப் பழகிய ரெகுலேற்றரும் ரியூப்பும் மறு விகிதத்தைத் தாங்க வேண்டியதாகிவிடும். சித்தாண்டியிலும் அந்த மாதங்களில் சிலிண்டரைக் கொண்டுபோய் வேலியோரம் வைத்துவிட்டு விறகுக்குத் திரும்பிய வீடுகள் பல.

ஆனாலும் எஞ்சினுக்குக் காஸ் புதிதல்ல. புரொப்பேனை எரிபொருளாகக் கண்டதே பெற்றோலால்தான். 1910 வாக்கில் வோல்ட்டர் ஸ்னெல்லிங் என்ற அமெரிக்க வேதியியலாளர், பெற்றோலிலிருந்து சும்மா பறந்து வீணாகும் ஆவி என்னவென்று ஆராயப்போய் அதைப் பிரித்தறிந்தார். இரண்டாம் உலகப் போரில் பெற்றோல் பங்கீட்டுக்கு வந்தபோது தமிழ்நாட்டு பஸ்கள் பின்புறம் கரி உலையைச் சுமந்துகொண்டு கரிவாயுவில் ஓடின; பஸ் கம்பனி நடத்திய டி.வி. சுந்தரம் ஐயங்கார் அந்த உலையைத் தானே வடிவமைத்து டி.வி.எஸ். காஸ் பிளான்ட் என்று செய்து கொடுத்தார். எங்கள் நாட்டில் லாஃப்ஸ் நிறுவனம் 1995இல் தொடங்கியதே பெற்றோல் வாகனங்களைக் காஸுக்கு மாற்றும் தொழிலாகத்தான். சென்னையில் காஸ் ஓட்டோக்கள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. இதையெல்லாம் மாமாவுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சரி, எப்பிடி நிப்பாட்டுவாய்?” என்று மட்டும் கேட்டார்.

கொழும்பிலிருந்து ஒரு பெட்டி வருவித்தேன். சீன ஜெனரேற்றர்களுக்கென்று செய்யப்படும், பெற்றோல் காஸ் இரண்டையும் ஏற்கிற காபரேற்றர் ஒன்று. அதோடு உள்ளங்கை அகலத்தில் வட்டமான ஒரு ரெகுலேற்றர். மாமாவின் கேள்விக்குப் பதில் அந்த வட்டத்துக்குள் இருந்தது. அவர் முன்னாலேயே நான்கு திருகாணிகளையும் கழற்றித் திறந்து காட்டினேன். உள்ளே மெல்லிய ரப்பர்ச் சவ்வு. சவ்வின் நடுவில் ஒரு சின்ன நெம்பு, நெம்பின் மறுமுனை காஸ் வருகிற துவாரத்தை அடைத்துக்கொண்டிருக்கும். எஞ்சின் காற்றை இழுக்கும்போது அந்த இழுவையில் சவ்வு உள்வாங்கும், நெம்பு தூக்கும், துவாரம் திறக்கும். எஞ்சின் நின்றால் இழுவை இல்லை. வில்லு நெம்பைத் தள்ளித் துவாரத்தை அடைத்துவிடும். ஆள் ஓடிவந்து பூட்டத் தேவையில்லை. மாமா அதைக் கையில் வாங்கி, குழாய் வாயில் உதட்டை வைத்து மெதுவாக இழுத்தார். நெம்பு எழுந்தது. விட்டார், அமர்ந்தது. திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார். “இது நல்ல வேல” என்றார். அந்த வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை.

மண்ணெண்ணெய்க்குச் செய்த எதையும் காஸுக்குச் செய்ய வேண்டியிருக்கவில்லை. அது ஏற்கெனவே ஆவி, சூடு கேட்காது. அழுத்தத்தையும் தாங்கும், புரொப்பேனின் ஒக்ரேன் எண் நூறைத் தாண்டியது. ஆகவே ஒற்றைக் கெஸ்கட்டே போதும். பிளக்கின் வாயை மட்டும் சற்றே நெருக்கினேன். சிலிண்டர் வாயில் வழமையான சமையல் ரெகுலேற்றர், அங்கிருந்து புது ரியூப், கிளிப், வட்ட ரெகுலேற்றர், காபரேற்றர். ஒவ்வொரு பொருத்துக்கும் சவர்க்கார நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தோம். எஞ்சின் நிற்கும்போது காபரேற்றர் பக்க முனையிலும் நுரை வைத்துப் பார்க்கச் சொன்னது மாமாதான். அந்த இடத்தில் குமிழி வந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

ரெகுலேற்றரின் நடுவில் ஒரு பொத்தான். அதை ஒரு தரம் அழுத்திக் கொஞ்சம் காஸை உள்ளே விட்டுக் கயிற்றை இழுத்தேன். மெசின் பிடித்தது. சேலைன் துளியும் இல்லை, புகையும் இல்லை. மண்ணெண்ணெயின் கரகரப்புக்குப் பழகிய காதுக்கு அது வேறொரு எஞ்சின். ஊசித் திருகாணியைத் திருப்பித் திருப்பி, சுமை ஏறும்போது இருமாத இடம் வரை வந்து பூட்டினேன். தண்ணீர் கச்சான் பாத்தியில் பாய்ந்தது. பெற்றோலில் ஓடியதைவிடப் பலம் சற்றுக் குறைவுதான். காஸ் உள்ளே பிடிக்கும் இடத்தின் அளவுக்குக் காற்று குறைகிறது, காற்றுக் குறைந்தால் பலமும் குறையும். வாயை முழுக்கத் திறந்து ஓட்டினால் மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காஸ். ஒரு சிலிண்டரில் ஒருவர் ஒரு கிழமைக்கு மேல் காலையில் மட்டும் இறைக்கலாம்.

ஓட ஓடச் சிலிண்டர் வியர்த்தது. உள்ளே திரவமாக இருப்பது ஆவியாகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தை இரும்பிலிருந்துதான் எடுக்கும். இரும்பு குளிர்ந்தால் ஆவி குறையும், அழுத்தம் இறங்கும், எஞ்சின் தளரும். கைவைத்தால் திரவம் எவ்வளவில் நிற்கிறதென்று குளிர்ந்த கோடு சொல்லும். ஒரு அகன்ற பேசினில் கிணற்றுத் தண்ணீர் விட்டு அதற்குள் சிலிண்டரை நிறுத்தினோம், தளர்வு போய்விட்டது. வெயிலில் வைத்தால் என்ன, பக்கத்தில் நெருப்பு மூட்டினால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களைப் பத்திக்குள் இருத்தி ஒவ்வொருவருக்கும் விளங்கப்படுத்தினேன். எரிச்சல்படாமல் விளங்கப்படுத்தினேன் என்று சொல்லமாட்டேன். உயிர் சம்பந்தப்பட்ட காரியத்தில் எரிச்சல் வரத்தான் செய்யும்.

பிள்ளைகள் மருந்தடிக்கும் மெசினையும் புல்லு வெட்டும் மெசினையும் கொண்டுவந்தார்கள். அவை இரண்டு ஸ்ட்ரோக். அவற்றுக்கு எஞ்சின் எண்ணெய் பெற்றோலில் கலந்தே போகிறது. காஸ் உலர்ந்தது, எண்ணெயை ஏந்திக்கொண்டு போகாது. கிராங் தண்டும் பிஸ்டனும் நனையாமல் ஓடிக் கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும். ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பினேன்.

ஊரில் விஷயம் பரவியது. பரவியபோது வட்ட ரெகுலேற்றர் பரவவில்லை. அதன் விலை கூட, கொழும்பிலிருந்து வரவேண்டும். அது எதற்கு, காபரேற்றருக்கு மேலே ஓட்டை போட்டு ஒரு குழாயைச் செருகி, நடுவில் அடுப்புப் பூட்டு ஒன்று வைத்தால் போதாதா? போதும், ஓடும். எதைக் கொடுத்தாலும் ஓடும்.

எங்கள் பக்கத்து மேட்டுநிலத்தில் பம்மை நிலமட்டத்தில் வைப்பதில்லை. கோடையில் நீர்மட்டம் இறங்கும். உறிஞ்சும் தூரத்தைக் குறைக்க மார்பளவு ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி அதற்குள் இறக்குவார்கள். அயல் வளவுக்காரர் ஒருவரும் அப்படித்தான் வைத்திருந்தார். குழாயும் பூட்டும் மட்டும் போட்ட மெசின். ஒரு நாள் அவர் பாத்தி மாற்றப் போன நேரம் மெசின் தானாக நின்றிருக்கிறது. இழுவை நின்றாலும் காஸ் நிற்கவில்லை. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது; பியூற்றேன் காற்றைப் போல இரண்டு மடங்கு. வெளியே வந்த காஸ் கிடங்குக்குள்ளேயே தங்கி அடியிலிருந்து நிரம்பியது. காற்றில் அது நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே பற்றும்.

அவருடைய மகன் திரும்ப ஸ்டார்ட் பண்ணக் கிடங்குக்குள் இறங்கப் போயிருக்கிறான். மணம் மூக்கில் அடித்ததும் இறங்காமல் எங்களைக் கூப்பிட ஓடிவந்தான். அந்தக் காஸுக்கு இயல்பில் மணமில்லை, காட்டிக்கொடுப்பதற்கென்றே ஒரு நாற்றத்தைக் கலந்து விடுகிறார்கள். அன்று அந்தக் கலப்பு ஒரு பொடியனின் உயிரைக் காத்தது. நாங்கள் போகும்போது மாமா தடியை ஊன்றிக்கொண்டு முன்னே நடந்தார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து அண்மையில் நான் பார்த்ததில்லை. வேலியில் நின்றே எல்லோரையும் மறித்தார். பீடியை அணைக்கச் சொன்னார், போனைத் தொடாதே என்றார். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதென்று பார்த்து அந்தப் பக்கமாக என்னை அனுப்பி, மேட்டில் இருந்த சிலிண்டரின் வாயை மூடச் சொன்னார். மூடினேன். பிறகு யாரும் கிடங்குக்குக் கிட்டப் போகவில்லை. பின்னேரக் காற்று வாவிப் பக்கமிருந்து எழும்பும்வரை அப்படியே நின்றோம். அதன் பிறகும் ஈரச் சாக்கை வீசி வீசிக் கிடங்கைக் கிளறிக் காற்றை மாற்றி, நாற்றம் முற்றாகப் போன பின்னரே கம்பியால் மெசினைக் கொழுவி மேலே தூக்கினோம்.

திரும்பி வரும்போது மாமா கோபமாகவே இருந்தார். அந்த அயலவர்மேல் கோபமில்லை. கையில் காசில்லாமல், கண்முன்னே கச்சான் வாடுகிறபோது மனுசன் கையில் அகப்பட்டதைத்தான் பூட்டுவான் என்பது அவருக்குத் தெரியும். தொண்ணூறுகளில் அவரும் அதைத்தான் செய்தார். இலக்கத் தகடு இல்லாத மெசினுக்கு எரிபொருள் இல்லை என்று ஆக்கிவிட்டு, சமையற்கட்டுச் சிலிண்டரைத் தோட்டத்துக்குத் தூக்கவைத்த ஏற்பாட்டின் மேல்தான் கோபம். எனக்கும் அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. வாகனங்களுக்கென்று செய்யப்பட்ட காஸ் தாங்கியில் எண்பது வீதத்துக்கு மேல் நிரம்பாத தடுப்பு உண்டு, ரியூப் அறுந்தால் தானாக அடைக்கும் வால்வு உண்டு. இந்தியாவில் வீட்டுச் சிலிண்டரை வாகனத்தில் பூட்டுவது சட்டப்படி குற்றம். அந்தப் பாதுகாப்பில் ஒரு பங்கு விவசாயியின் பம்முக்கும் கிடைத்திருக்க வேண்டும். நல்ல ரெகுலேற்றர் ஒன்றைக் கமநல சேவை நிலையத்தில் மானிய விலையில் கொடுத்திருந்தால், அந்த வருடம் எத்தனையோ கிடங்குகள் ஆபத்தில்லாமல் இருந்திருக்கும்.

மறுநாள் காலை மாமா ஒரு பலகையில் சுண்ணாம்பால் எழுதச் சொல்லிப் பத்தியின் முகப்பில் தொங்கவிட்டார்: ரெகுலேற்றர் இல்லாமல் காஸ் பூட்டிக் கொடுக்கப்பட மாட்டாது. சிலிண்டர் மேட்டில், பம்மும் மேட்டில், அறைக்குள் ஓட்டக் கூடாது. எழுதிய பிறகு கனபேர் வேறு இடம் தேடிப் போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு ரெகுலேற்றர் வாங்கி, முறைவைத்துத் தங்கள் பம்களுக்கு மாற்றி மாற்றிப் பூட்டியதும் நடந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நுரை தடவிப் பார்க்க அவர்களுக்குப் பழக்கினோம்.

2023 செப்டெம்பர் முதலாம் தேதியோடு கியூஆர் கட்டுப்பாடு எடுபட்டது. பெரும்பாலான மெசின்கள் பெற்றோலுக்குத் திரும்பிவிட்டன. இரட்டைக் காபரேற்றரில் அதற்கு ஒரு பூட்டைத் திருப்பினால் போதும். மாமா இப்போது இல்லை. மாவடிவேம்புப் பக்கம் கச்சான் செய்கிற இரண்டு பேர் இன்றும் காஸில்தான் இறைக்கிறார்கள். எஞ்சின் எண்ணெய் கறுக்காமல் கிடக்கிறது, பிளக் சாம்பல் நிறத்தில் சுத்தமாக வருகிறது என்பதில் அவர்களுக்குப் பெருமை. ஒவ்வொரு போகத்துக்கும் முந்தி அவர்களின் வட்ட ரெகுலேற்றரைக் கழற்றிச் சவ்வை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிறேன். ரப்பர் காலம் போகப் போக விறைக்கும்; விறைத்தால் நெம்பு முழுக்க அமராது. குழாய் வாயில் உதடு வைத்து இழுத்து விட்டால் உடனே தெரியும். சந்தேகம் என்றால் புதுச் சவ்வு போடாமல் மெசினைத் திருப்பிக் கொடுப்பதில்லை.